உள்ளி வயல்களுக்கு நடுவே ஓர் ஆங்கில வகுப்பு

கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்கப் போக விரும்புகிறவர், விண்ணப்பத்தோடு முகம் தெளிவாகத் தெரியும் புகைப்படம் ஒன்றையும் அனுப்ப வேண்டும். 2013 கோடையில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டில் இருந்துகொண்டு நான் முதலில் எழுதிப்போட்டது ஹாக்வொன்களுக்கு. பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் இரவுவரை போய்ப் படிக்கும் தனியார் நிலையங்கள் அவை. யாழ்ப்பாணத்து ரியூட்டறியின் பணக்கார ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். படம் போகும்வரை பதில்கள் உடனுக்குடன் வந்தன. படம் போனதும் நின்றன. ஒரு நிலையம் மட்டும் நாகரிகமாக எழுதியது: கனடாக்காரர் என்றால் பெற்றோர் மனதில் ஓர் உருவம் இருக்கிறதாம், அதோடு மல்லுக்கட்டத் தங்களால் முடியாதாம். பொய் சொல்லாத அந்தக் கடிதத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவுக்குத்தான் வந்தது.

அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டம் 1995 முதல் நடக்கிறது. அங்கேயும் படம் கேட்டார்கள். ஆனால் எவரும் போக விரும்பாத ஊர்களுக்கும் ஆசிரியர் அனுப்ப வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. எல்லோரும் சோல், பூசான் என்று நிரப்பும் இடத்தில் நான் ‘எங்கென்றாலும் சரி’ என்று எழுதினேன். வேலை கிடைத்தது.

பிறகு கடதாசி வேலை. ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் கனடா அப்போது சேர்ந்திருக்கவில்லை, அங்கே 2024இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே பட்டச் சான்றிதழ், கைரேகையோடு எடுத்த பொலிஸ் அறிக்கை எல்லாவற்றையும் நொத்தாரிசிடம் காட்டி, அவெனியூ ரோட்டில் இருந்த கொரியத் துணைத்தூதரகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவிக்க வேண்டும். இ-2 என்னும் அந்த ஆசிரியர் விசா ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு உரியது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தம் இந்திய ஆசிரியர்களுக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேறு வழி: 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டம், இ-9 விசா, தொழிற்சாலை, பண்ணை, மீன்பிடிப் படகு. அந்தத் திட்டத்தில் கொரியாவோடு முதலில் கையெழுத்திட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆறு வயதில் என்னைக் கனடாவுக்குத் தூக்கிவராமல் விட்டிருந்தால் நானும் அந்த வரிசையில் நின்றிருப்பேன். தூதரக வாசலில் இதெல்லாம் மனதில் ஓடவில்லை. உய்சொங்கில் ஓடியது.

உய்சொங், வட கியொங்சாங் மாகாணத்தில் உள்ள ஒரு கிராமப்புற மாவட்டம். தேகு நகரத்திலிருந்து காரில் ஒரு மணித்தியாலம். 2014 பெப்ரவரிக் கடைசியில் பயிற்சி முகாம் முடிந்து, பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகத் தத்தம் பள்ளிக்கூட ஆசிரியரோடு புறப்பட்டோம். என்னை ஏற்றிக்கொண்டுபோன ஆசிரியை வழியில் அதிகம் கதைக்கவில்லை. இரண்டு பக்கமும் வயல்கள், வயல் முழுக்கப் பிளாஸ்ரிக் விரிப்பு. என்ன பயிர் என்று கேட்டேன். உள்ளி என்றார். கொரியா முழுக்கப் பெயர்போன உள்ளி. இலையுதிர்காலத்தில் ஊன்றி, பனிக்காலம் முழுவதும் விரிப்பின்கீழ் உறங்கவிட்டு, ஜூனில் கிண்டுவார்கள். நான்கு வருடம் கழித்து, 2018 பியொங்சாங் ஒலிம்பிக்கில் இந்த ஊர்ப் பிள்ளைகள் கர்லிங்கில் வெள்ளி வென்றபோது உலகமே அவர்களை ‘உள்ளிப் பெண்கள்’ என்றது. கர்லிங் நாடான கனடாவில் வளர்ந்தும் நான் அந்த விளையாட்டை முதலில் பார்த்தது உய்சொங் அரங்கத்தில்தான்.

கொரிய அரசுப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாறியே ஆகவேண்டும். மாற்றம் மார்ச் 1இல் நடைமுறைக்கு வரும். புதிய கல்வியாண்டும் அதோடு தொடங்கும். என்னைக் கூட்டிவந்த ஆசிரியை அந்த வாரமே வேறு பள்ளிக்கூடம் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவரிடம் என்னை ஒப்படைத்தார்கள். வெளிநாட்டு ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பு எடுப்பவரைக் கோ-ரீச்சர் என்போம். அவருக்கு வகுப்பு மட்டும் வேலை இல்லை: வங்கிக் கணக்கு, கைப்பேசி, வீட்டு எண்ணெய் பொயிலர், பதிவு அட்டை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி எல்லாமே அவர் தலையில். விரும்பிக் கேட்டு வாங்கும் பொறுப்பு இல்லை அது. புதிதாக மாறிவருகிறவர், அதிலும் வயதில் குறைந்தவர், மறுக்க முடியாமல் ஏற்றுக்கொள்வது. என் கோ-ரீச்சருக்கு இருபத்தேழு வயது. முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: “எனக்கு ஆங்கிலம் பேசப் பயம். நீங்கள் மெல்லமாகப் பேசினால் நான் ஓடமாட்டேன்.” ஓடவில்லை. அவர் இல்லாவிட்டால் நான் ஓடியிருப்பேன்.

மருத்துவப் பரிசோதனைக்கும் அவர்தான் கூட்டிப்போனார். நெஞ்சு எக்ஸ்ரே, போதைப்பொருள் சோதனை, இரத்தம். எச்.ஐ.வி. சோதனையும் அப்போது கட்டாயம், 2007இல் கொண்டுவந்தது. கொரிய ஆசிரியர்களுக்கு அது கிடையாது. மறுத்த ஒரு நியூசிலாந்து ஆசிரியையின் முறைப்பாட்டில் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015இல் அவருக்குச் சார்பாக முடிவு சொன்னது. 2017இல் கொரியா அந்தச் சோதனையைக் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கோ-ரீச்சர் அந்தப் படிவத்தை என் கையில் தராமல் தானே நிரப்பினார். எந்தக் கேள்விக்காக என்று பிறகுதான் விளங்கியது.

ஊருக்குள் நடந்தால் பாட்டிமார் வழிமறிப்பார்கள். கியொங்சாங் பேச்சில் வாக்கியத்தின் வால் வெட்டுப்பட்டு விழும். சும்மா சுகம் விசாரித்தாலும் ஏசுவதுபோலக் கேட்கும். கேள்விகள் இரண்டுதான். எந்தத் தொழிற்சாலை? யார் வீட்டு மருமகள்? என் நிறத்தில் ஒருத்தி அந்த ஊரில் இருப்பதற்கு அவர்கள் அறிந்த காரணங்கள் அவ்வளவே. பள்ளிக்கூட ரீச்சர் என்றால் நம்பாமல் நாட்டைக் கேட்பார்கள். கனடா என்பேன். “சரி, அதற்கு முதல்?” என்பார்கள். ரொறன்ரோவிலும் இதே கேள்வி வரும், அங்கே அதற்குள் ஒரு முள் இருக்கும். இங்கே முள் இல்லை, வெறும் ஆவல்தான். இலங்கை என்று சொன்னதும் ஒரு பாட்டி முகம் மலர்ந்து, தன் மருமகனின் கோழிப்பண்ணையில் வேலைசெய்யும் பையனின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்றாள். தெரியாது என்றது அவளுக்கு ஏமாற்றம். கெட்டிக்காரப் பிள்ளை, அறிந்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குள் வெளிச் செருப்போடு போகக்கூடாது. வாசலில் சப்பாத்துத் தட்டு, உள்ளே அவரவர் செருப்பு. வகுப்பறைக்குள் சூடேற்றி இருக்கும், நடைக்கூடத்தில் மூச்சு புகையும், அதற்குள்ளும் காற்றுவர வேண்டும் என்று யன்னல்களைத் திறந்து வைப்பார்கள். ஒப்பந்தப்படி வாரம் 22 பாடவேளை. ஆரம்பப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம். ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில் தொடங்கும், 1997 முதல் அப்படித்தான். மூன்று, நான்குக்கு வாரம் இரண்டு வேளை. ஐந்து, ஆறுக்கு மூன்று.

மதியம் எல்லோரும் ஒரே கூடத்தில், பள்ளங்கள் வைத்த உருக்குத் தட்டில் சாப்பிடுவோம். சோறு, சூப், கிம்சி, இரண்டு கறி. எனக்கு உறைக்குமோ என்று முதல் நாள் அதிபரே எழுந்து வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தூளில் வளர்ந்த நாக்கு இது என்பதை எந்தக் கொரிய மொழியில் சொல்வது? உறைப்பு ஒன்றும் செய்யவில்லை, இனிப்புத்தான் திணறடித்தது. நெத்தலியைச் சீனிப்பாகில் பொரித்து வைத்திருந்தார்கள். அதே நெத்தலி, அதே கண், அதே வால்; மேலே சீனி. சில மாதத்தில் அதைத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன் என்பதை அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. சாப்பிட்டதும் அதிபர் முதல் முதலாம் வகுப்புப் பிள்ளை வரை தொட்டியடியில் நின்று பல் துலக்குவார்கள். பதவி வித்தியாசம் மறைந்த ஒரே இடம் அது.

கொரியப் பள்ளிக்கூடங்களில் புதன் பின்னேரம் ஆசிரியர்கள் கரப்பந்து ஆடுவார்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் ஆள் போதாது என்பதால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் அழைத்து அணி கட்டுவார்கள். ஆட்டம் முடிந்தால் சில நாள் விருந்து: பன்றி வயிற்றிறைச்சி, சோஜு. மூத்தவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கோப்பையை நீட்ட வேண்டும், குடிக்கும்போது முகத்தைத் திருப்ப வேண்டும். நான் குடிப்பதில்லை. சைடர் என்ற இனிப்புச் சோடாவை அதே சின்னக் கோப்பையில் ஊற்றி, அதே மரியாதையோடு முகத்தைத் திருப்பிக் குடித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. முகத்தைத் திருப்பினேனா என்பதைத்தான் கவனித்தார்கள்.

கிராமப்புறத்தில் ஒரு வெளிநாட்டு ஆசிரியருக்கு ஒரு பள்ளிக்கூடம் போதாது. எனக்கு இரண்டு. முதலாவதில் நாற்பது பிள்ளைகளுக்குக் கிட்ட இருந்தார்கள். இரண்டாவது ஆற்றோரம், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கட்டிய இரண்டு மாடிக் கட்டடத்தில் பதினான்கு பேர். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, 1982க்குப் பிறகு கொரியாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருக்கின்றன. இதுவும் அந்த வரிசையில் நின்றது.

அங்கே ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒருவன். மற்றப் பாடங்களுக்கு ஐந்தையும் ஆறையும் சேர்த்து வைப்பார்கள், ஆங்கிலத்துக்குப் புத்தகம் வேறு என்பதால் அவனைத் தனியே பிரித்துவிட்டார்கள். பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொல்லித்தந்ததெல்லாம் முப்பது பேரைச் சமாளிக்கும் வித்தைகள்: அணி பிரி, போட்டி வை, பிங்கோ ஆடு, சத்தம் போடாத அணிக்குப் புள்ளி கொடு. ஒருவனை வைத்து அணி பிரிப்பது எப்படி? புத்தகத்தில் ஒவ்வொரு உரையாடலுக்கும் நாலு பாத்திரம். நானும் கோ-ரீச்சரும் மாணவர்களானோம். அவர் தோற்க விரும்பாத பெண். கல்-தாள்-கத்தரிக்கோல் விளையாட்டில் பையனை ஏமாற்றப் பார்ப்பார், அவன் ஆங்கிலத்திலேயே முறையிடுவான். அந்த வருடம் அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு ஆங்கில வாக்கியம் ஒரு குற்றச்சாட்டு.

அவனுக்குப் புத்தகத்தில் வரும் விமான நிலையமும் நூதனசாலையும் சலிப்பு. உழவு இயந்திரம் ஓட்டத் தெரியும், உள்ளி விலை தெரியும். உய்சொங்கில் உள்ளியை நூறு முழு உள்ளி சேர்ந்த கட்டாக விற்பார்கள். விலை கேட்கும் பாடம் வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டு, நான் கொள்வனவுக்கு வந்த வியாபாரி, அவன் தோட்டக்காரன் என்று வைத்துக்கொண்டோம். ஆயிரம், பத்தாயிரம் என்று ஆங்கிலத்தில் விலை சொல்லி, நான் குறைத்துக் கேட்டதும் மேசையில் கைவைத்துச் சிரித்தான். எனக்கு ஒன்றும் தெரியாதாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் செலவழிக்கும் 40 நிமிடம் வீண் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லக்கூடும். நான் நடத்திய வகுப்புகளில் ஆங்கிலம் உண்மையாகப் புழங்கிய வகுப்பு அதுதான்.

என்னை வேலைக்கு எடுத்தது ஆங்கிலத்துக்காக. வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது தமிழ். பிள்ளைகள் “நான் பள்ளிக்கூடம் போகிறேன்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வினையைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். மற்ற மாவட்டங்களில் இருந்த கனடா நண்பர்கள் அதைக் குழப்பம் என்றார்கள். எனக்கு அது நேர்கோடு. எழுவாய் முன்னே, வினை பின்னே, வேற்றுமை உருபு பெயரின் வாலில். பிள்ளை எங்கிருந்து புறப்பட்டு எங்கே தடுக்கி விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்தச் சின்னச் சொற்களும் எங்கள் இரு மொழியிலும் இல்லை. அவற்றை எப்போது போடுவது என்று பிள்ளை கேட்டால், பழகப் பழக வரும் என்ற பதில் பயன்படாது. அந்தக் கேள்வியோடு ஸ்காபரோவில் ஒரு வகுப்பில் இருந்தவள் நான்.

ஒலியிலும் அப்படித்தான். கொரியர் வாயில் எஃப் ஒலி ‘ப’ ஆகிவிடும். எங்கள் வீட்டில் அம்மா இன்றும் கோப்பிதான் குடிக்கிறார். ஹங்குல் எழுத்தைப் படிக்கத் தொடங்கியபோது மற்றவர்கள் முறையிட்டது, ஒரே எழுத்துக்கு ஓரிடத்தில் வல்லோசை, இன்னோரிடத்தில் மெல்லிய ஓசை என்று. ‘கடல்’ என்பதிலும் ‘மகள்’ என்பதிலும் ககரம் ஒன்றாகவா ஒலிக்கிறது? சொல்லின் முதலில் ஒருவிதம், நடுவில் இன்னொருவிதம் என்பது தமிழ் வாசிக்கிறவருக்குப் படிப்பிக்க வேண்டிய சங்கதியே இல்லை. இதோடு கர்வப்பட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கொரிய மொழியில் சந்திரனும் முகமூடியும் மகளும் ஏறக்குறைய ஒரே சொல். முதல் ஒலியில் மூன்றுவித அழுத்தம்தான் வேறுபாடு. மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் என்னை வரிசையாகச் சொல்லவைத்து மதிப்பெண் போடுவார்கள். மகளில் எப்போதும் தோற்றேன்.

இந்த ஒற்றுமையில் மயங்கியவர்களில் நான் முதலாள் இல்லை. 1886இல் கோஜொங் மன்னர் மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்காகச் சோலில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கி, அமெரிக்காவிலிருந்து மூன்று இளைஞர்களை ஆசிரியர்களாக வரவழைத்தார். அவர்களில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட். பள்ளி 1894இல் மூடப்பட்டது. மனுஷன் ஊர் மொழியில் ஊறிப்போனார். முழுக்க ஹங்குலில் ஓர் உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலும் எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. எனக்கும் நம்பிக்கை கிடையாது. சொல் ஒலிப்பதை வைத்துச் சொந்தம் கொண்டாடுகிறவர்களைக் கண்டால் எழுந்து போய்விடுவேன். ஆனால் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் ஒருவர் நூறு வருடம் முன்பே தமிழ் இலக்கணத்தைக் கொரிய இலக்கணத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்து இரவெல்லாம் விளக்கெரித்திருப்பார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. 1949இல் திரும்பிவந்து சில நாட்களிலேயே சோலில் இறந்து, யாங்ஹ்வாஜின் வெளிநாட்டவர் மயானத்தில் கிடக்கிறார். சோல் போனபோது அங்கே போனேன். அவருக்குக் கொண்டுபோக வேறு என்ன இருக்கிறது என்று, உய்சொங் உள்ளி ஒன்றை வைத்துவிட்டு வந்தேன்.

2014 ஏப்ரல் 16, புதன்கிழமை. ஆசிரியர் அறைத் தொலைக்காட்சியில் ஒரு கப்பல் சரிந்து கிடந்தது. இன்சியொனிலிருந்து ஜேஜு தீவுக்குப் புறப்பட்ட சேவொல் என்ற கப்பல். அதற்குள் அன்சான் நகரின் தன்வொன் உயர்பள்ளி மாணவர்கள், கல்விச் சுற்றுலா. பதினொரு மணிபோல் மாணவர் எல்லோரும் காப்பாற்றப்பட்டனர் என்று எழுத்து ஓடியது. அறையில் கைதட்டினார்கள். எல்லோரும் வகுப்புக்குப் போனோம். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அந்த எழுத்து இல்லை. கப்பலில் இருந்த 476 பேரில் 304 பேர் போய்விட்டார்கள்; அவர்களில் 250 பேர் தன்வொன் மாணவர்கள். அன்று கரப்பந்து இல்லை. இல்லை என்று எவரும் அறிவிக்கவும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது: நாடு முழுக்கப் பள்ளிச் சுற்றுலா, எங்கள் ஊர் விளையாட்டு விழா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்துவைத்திருந்த பயணம். மஞ்சள் நாடா கட்டினோம். கப்பல் சரிந்துகொண்டிருந்தபோது, இருந்த இடத்திலேயே அசையாமல் இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்ற செய்தி அந்த வாரத்தில் வந்தது. மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு அடுத்த பாடம் ‘சிட் டவுன், பிளீஸ்’. ஆசிரியர் சொல்வதைக் கேட்டு இருத்தல், எழும்புதல், கதவைச் சாத்துதல். கோ-ரீச்சர் புத்தகத்தைத் திறந்தார், பார்த்தார், அடுத்த பாடத்துக்குப் புரட்டினார். நிறங்களின் பெயர்கள். ‘சிட் டவுன்’ பாடத்தை நாங்கள் அந்த வருடம் நடத்தவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேரின் தாய்மார் வெளிநாட்டவர். நிலத்தோடு கிடக்கும் ஆண்களுக்கு ஊரில் பெண் கிடைக்காமல், தரகர் வழியாக வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்த பெண்கள். இந்தக் குடும்பங்களுக்கென்றே 2008இல் ஒரு சட்டம் வந்தது. ‘பலபண்பாட்டுக் குடும்பம்’ என்று பெயரும் வந்தது. பெயர் வந்தபின் பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் உலகப் பண்பாட்டு விழா. வியட்நாம் தாய் ஒருத்தியை அவ்தாய் என்ற தன் நாட்டு உடை உடுத்திவந்து சுருள் உணவு செய்துகாட்டச் சொன்னார்கள். செய்தாள், எல்லோரும் உண்டார்கள், பரிசுப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அவள் மகள் விழா முடியும்வரை கழிவறையை விட்டு வெளியே வரவில்லை. அதே விழாவில் கனடாவைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச நானும் எழும்பினேன். எனக்குப் பிள்ளைகள் வாய்பிளந்து இருந்தார்கள். மேப்பிள் பாகு தொட்டு நக்கினார்கள். எனக்கு மாதச் சம்பளம்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்கவரும் நாளில் அந்தத் தாய் கடைசி வரிசையில் நின்றாள். வகுப்பு முடிந்து என்னிடம் வந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த கொரிய மொழி. என் வீட்டில் என்ன பேசுவோம் என்று கேட்டாள். தமிழ் என்றேன். ஆங்கிலம் அதனால் கெடவில்லையா? இல்லை. மாமியார் வியட்நாம் மொழியில் பிள்ளையோடு பேசவிடுவதில்லை, பிள்ளைக்குக் கொரிய மொழி பிந்திவிடும் என்கிறார் என்றாள். ஸ்காபரோவில் எங்களுக்கு அம்மா போட்ட சட்டத்தைச் சொன்னேன்: வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ், வெளியே எதையும் பேசு. சனிக்கிழமைகளில் கல்விச் சபை நடத்திய தமிழ் வகுப்புக்கு அழ அழ இழுத்துப்போனதையும் சொன்னேன். “உங்கள் அம்மாவுக்கு மாமியார் இருந்தாரா?” என்று கேட்டாள். கொழும்பில் இருந்தார் என்றேன். அதுதான் என்றாள்.

ஜனவரி விடுமுறையில் கொரிய ஆசிரியர்கள் கல்வி அலுவலர் சட்டத்தின் 41ஆம் பிரிவைக் காட்டி, வெளியே பயிற்சி என்று வீட்டில் இருப்பார்கள். ஒப்பந்த வெளிநாட்டவருக்கு அந்தப் பிரிவு செல்லாது. வேலை இல்லாவிட்டாலும் மேசையில் இருக்க வேண்டும். டெஸ்க் வோர்மிங் என்று இதைக் கசப்போடு சொல்லிக்கொள்வோம். குளிர்ந்த ஆசிரியர் அறையில் நானும் கணக்கரும் காவலாளியும். அப்போதுதான் அந்தத் தாய் இன்னும் மூவரோடு வந்து, பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் தங்களுக்கும் படிப்பிக்க முடியுமா என்றாள். அதிபர் கையெழுத்திட்டார். பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்பு.

நால்வரில் ஒருத்தி பிலிப்பைன்ஸ்காரி, மணிலாவில் கல்லூரி முடித்தவள். நானும் அவளும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் அறை திகைத்தது. அந்த ஊரில் பத்து வருடமாக, சரளமாக ஆங்கிலம் பேசும் ஒருத்தி மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஊர் என்னைக் கனடாவிலிருந்து விமானச் சீட்டுக் கொடுத்து வரவழைத்தது. அவளுடைய நாடு இ-2 விசாவுக்கு உரிய அந்த ஏழில் இல்லை. திருமணத்தால் வந்த விசாவோடு அவள் வேலை செய்யத் தடை ஒன்றும் கிடையாது, ஆனால் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து வகுப்பை அவள் நடத்தினாள், நான் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த கல்வியாண்டின் பின்னேர வகுப்புக்கு அவள் பெயரை எழுத்தில் கொடுத்தேன். அதிபர் கோப்பில் வைத்துக்கொண்டார்.

வியட்நாம் தாயின் மாமியாரும் வந்தார். மருமகள் எங்கே போகிறாள் என்று பார்க்க வந்தவர், பின்வரிசைச் சூடேற்றியோடு இருந்துகொண்டார். ஒன்றும் பேசமாட்டார். ஒரு நாள் எழும்பி வந்து, இடுப்புப் பையிலிருந்து வேளாண் கூட்டுறவு வங்கிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அட்டையில் பெரிதாக ‘என்’, ‘எச்’ என்று இரண்டு ஆங்கில எழுத்து. நாற்பது வருடமாக இந்த வங்கியில்தான் உள்ளிக் காசு போடுகிறாராம், இந்த எழுத்து எப்போது முளைத்தது, என்ன சொல்கிறது?

நொங்ஹ்யொப் என்ற வங்கியின் பெயரில் இரண்டு அசைகளின் முதல் ஒலிகள், பாட்டி, என்றேன். வேறொன்றும் சொல்லவில்லையா? இல்லை.

“அப்படியென்றால் அதை நம் எழுத்தில் எழுதினால் என்ன, பைத்தியக்காரர்கள்” என்று வங்கியை ஏசிவிட்டு, முன்வரிசையில் மருமகளுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, இரண்டு எழுத்தையும் எழுதிக்காட்டச் சொன்னார்.